மூதவையும் கட்சிப் பெரும்பான்மையும்: இலங்கை கண்ட அனுபவம், 1947–1971

சட்டமன்றம் ஒரு சபையைக் கொண்டிருத்தல் வேண்டுமா, இரு சபைகளைக் கொண்டிருத்தல் வேண்டுமா என்னும் வினா அரசியற் சிந்தனையாளரை நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளது. இரண்டாவது சபை முதலாவது சபையோடு இணங்குமாயின் அது வேண்டாதது. இணங்காதாயின் அது தீங்கானது என்ற கருத்தைப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தவரான சியேஸ் என்பாருக்கு உரியதாகக் கூறுவர். கேட்பதற்குச் சாதுரியமான இக்கூற்று, இரு சபைகளும் எப்போது இணங்குகின்றன, எப்போது பிணங்குகின்றன என்ற வரலாற்று வினாவுக்கு விடை தருவதில்லை. கட்சி முறை வளர்ந்த நாடுகளில் இவ்வினா, ஒரே கட்சி இரு சபைகளையும் தன்வசம் வைத்திருக்கும் நிலை எத்துணை அடிக்கடி நிகழ்கின்றது என்பதாக வடிவம் பெறுகின்றது.

இலங்கையில் இருசபை முறை இருபத்துநான்கு ஆண்டுகளே நிலவியது. 1947இல் தோன்றிய மூதவை 1971 ஒக்டோபர் 2ஆம் நாள் ஒழிக்கப்பட்டது. அக்காலப் பகுதியில் இரு சபைகளும் ஒரே கட்சியின் கையில் இருந்த வேளைகளையும், வெவ்வேறு கட்சிகளின் கையில் இருந்த வேளைகளையும் ஒப்பிட்டு நோக்கி, அவ்வேறுபாடு சிறுபான்மை மக்களின் உரிமைகளைப் பொறுத்தவரை யாது பயன் தந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூதவையின் அமைப்பு

டொனமூர்த் திட்டத்தின் கீழ் 1931 முதல் 1947 வரை இயங்கிய அரசாங்க சபை ஒரு சபையாகவே இருந்தது. சோல்பரி ஆணைக்குழு இரண்டாவது சபையொன்றை விதந்துரைத்தது. அவசரமான சட்டவாக்கத்துக்கு ஒரு தடையாகவும், தேர்தற் களத்தில் இறங்க விரும்பாத அறிஞரும் அனுபவசாலிகளும் நாட்டுக்குப் பணியாற்றும் களமாகவும், சிறுபான்மையோர் தம் குரலை எழுப்பக்கூடிய மேலுமோர் அரங்காகவும் அது விளங்கும் என எதிர்பார்க்கப்பட்டது.

மூதவையின் உறுப்பினர் முப்பதின்மர். அவருள் பதினைவரைப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள், மாற்றத்தக்க தனிவாக்கு முறையில் அமைந்த விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தின்படி தெரிவு செய்தனர். எஞ்சிய பதினைவர் பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதியால் நியமிக்கப்பட்டனர். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் ஓய்வு பெறுவர். குறைந்தது இரு அமைச்சர்கள் மூதவையினராக இருத்தல் வேண்டும் என்றும், நீதி அமைச்சர் அவருள் ஒருவராதல் வேண்டும் என்றும் விதி இருந்தது.

இவ்வமைப்பில் இரண்டு அம்சங்கள் ஊன்றி நோக்கத்தக்கன. முதலாவது, மூதவைக்கெனத் தனியான தேர்தற்றொகுதி எதுவும் இருக்கவில்லை. மாகாணங்களோ, உள்ளூராட்சி மன்றங்களோ, பல்கலைக்கழகமோ அதற்கு உறுப்பினரை அனுப்பவில்லை. அதன் ஒரு பாதி கீழ்ச்சபையிலிருந்தும் மறு பாதி கீழ்ச்சபையின் பெரும்பான்மைத் தலைவரிடமிருந்தும் பிறந்தது. ஆகவே பிறப்பினாலேயே அது கீழ்ச்சபையின் நிழலாயிற்று.

இரண்டாவது அம்சம் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் பற்றியது. சிறுபான்மைக்கு இம்முறை துணை செய்யும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆயின் கணக்கிட்டுப் பார்க்குமிடத்து அத்துணை எவ்வளவு விரைவாகக் குறைந்தது என்பது புலனாகும். 1947இல் பதினைந்து இடங்களும் ஒருங்கே நிரப்பப்பட்டன. 101 உறுப்பினரைக் கொண்ட பிரதிநிதிகள் சபையில் ஏறக்குறைய ஏழு வாக்குகளைக் கொண்ட ஒரு குழு மூதவைக்கு ஒருவரை உறுதியாக அனுப்பலாம். அவ்வாண்டுத் தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் வென்ற ஆசனங்களும் ஏழே. ஆனால் அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஐந்து இடங்கள் மட்டுமே நிரப்பப்பட்டமையால், ஒருவரைத் தெரிவதற்கு வேண்டிய வாக்குகள் ஏறக்குறைய பதினேழாக உயர்ந்தன. 1960இன் பின் கீழ்ச்சபை 157 பேரைக் கொண்டதாக விரிவடைந்தபோது அவ்வெண் இருபத்தேழாயிற்று. 1956இல் பத்து ஆசனங்களையும் 1960 யூலையில் பதினாறு ஆசனங்களையும் வென்ற தமிழரசுக் கட்சி, பிறரின் ஆதரவின்றித் தன் வலிமையால் மட்டும் ஒருவரையேனும் மூதவைக்கு அனுப்ப இயலாத நிலையில் இருந்தது. உறுப்பினர் சுழற்சி முறையில் ஓய்வு பெறுதல் என்னும் சாதாரணமான விதியே சிறுபான்மைக்குரிய வாயிலைக் குறுக்கிவிட்டது.

இரு சபைகளும் ஒரு கையில்

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 95 ஆசனங்களில் 42 ஆசனங்களையே பெற்றது. கீழ்ச்சபையில் அது தனித்துப் பெரும்பான்மை பெறவில்லை. சுயேச்சை உறுப்பினரின் துணையோடுதான் டி. எஸ். சேனாநாயக்கா அரசாங்கம் அமைத்தார். மூதவையிலோ அத்தகைய தட்டுப்பாடு இருக்கவில்லை. நியமன உறுப்பினர் பதினைவரோடு தெரிவு செய்யப்பட்டோருள் ஒரு பகுதியினரும் சேர, அரசாங்கத்துக்கு அங்கு எளிதாகவே பெரும்பான்மை கிட்டியது. 1952இல் அக்கட்சி 54 ஆசனங்களைப் பெற்றதும் இரு சபைகளிலும் அதன் ஆதிக்கம் ஐயத்துக்கிடமின்றி நிலைத்தது. எனவே 1947 முதல் 1956 வரையான ஒன்பது ஆண்டுகளும் இரு சபைகளும் ஒரே கட்சியின் தலைமையின் கீழ் இருந்த காலமாகும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டமும் இக்காலத்திலேயே நிறைவேறின. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்திய வம்சாவளித் தமிழர் ஏறக்குறைய 780,000 பேராகவும், நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதமளவினராகவும் இருந்தனர். அவருட் பெரும்பாலோர் இச்சட்டங்களினாலும் இவற்றைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டத் திருத்தத்தினாலும் பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். 1947இல் மலைநாட்டுத் தொகுதிகளில் வெற்றி கண்ட இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஓர் ஆசனத்தையும் பெறவில்லை. ஒரு சமூகத்தின் அரசியல் வாழ்வையே மாற்றிய இச்சட்டங்கள் இரு சபைகளையும் கடந்தே சட்டமாயின. இரு வாயில்களுக்கும் காவலன் ஒருவனே என்றால் இரண்டாவது வாயில் எதற்கு என்ற கேள்வி இங்கு எழுகின்றது.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து ஒருவர் எளிதான முடிவொன்றுக்கு வரக்கூடும். ஒரே கட்சி இரு சபைகளையும் ஆண்டதே குறை. மூதவை எதிர்க்கட்சியின் கையில் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பதே அம்முடிவு. 1956ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இம்முடிவைச் சோதித்துப் பார்க்க உதவுகின்றன.

இரு சபைகளும் இரு கைகளில்

1956 ஏப்பிரல் தேர்தலில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணி 51 ஆசனங்களைக் கைப்பற்றியது. அதுவரை நாட்டை ஆண்ட ஐக்கிய தேசியக் கட்சி எட்டு ஆசனங்களாகச் சுருங்கியது. ஆனால் மூதவை கலைக்கப்படும் சபையன்று. ஆகையால் அதில் அமர்ந்திருந்தோருட் பெரும்பாலோர் முன்னைய ஒன்பது ஆண்டுகளில் ஐக்கிய தேசியக் கட்சிப் பிரதமர்களின் ஆலோசனைப்படி நியமனம் பெற்றோரும், அக்கட்சி முதன்மை பெற்றிருந்த கீழ்ச்சபையால் தெரிவு செய்யப்பட்டோருமாவர். இலங்கை வரலாற்றில் முதன்முறையாகக் கீழ்ச்சபை ஒரு கட்சியின் கையிலும் மேற்சபை மற்றொரு கட்சியின் செல்வாக்கிலும் இருந்தன.

அந்நிலையில்தான் அரசகரும மொழி மசோதா வந்தது. பிரதிநிதிகள் சபையில் 1956 யூன் நடுப்பகுதியில் 56 வாக்குகள் ஆதரவாகவும் 29 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட்டு அது நிறைவேறியது. தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், லங்கா சமசமாசக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகியன அதனை எதிர்த்தன. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமாக அது யூலை 7ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதாவது, கீழ்ச்சபையை விட்டு நீங்கிய மசோதா மூதவையைக் கடந்து சட்டமாவதற்கு மூன்று வாரமளவே சென்றது.

மூதவைக்கு ஒரு மசோதாவை நிரந்தரமாகத் தடுக்கும் அதிகாரம் இருக்கவில்லை என்பது உண்மையே. நிதி மசோதாவாயின் ஒரு மாதம் தாமதிக்கலாம். ஏனைய மசோதாக்களை மூதவை ஏற்க மறுக்குமாயின், பிரதிநிதிகள் சபை அடுத்த கூட்டத்தொடரில் அவற்றை மீண்டும் நிறைவேற்றுதல் வேண்டும். நாடு கொதித்துக் கொண்டிருந்த அவ்வேளையில் அத்தாமதம் அற்பமானதன்று. உணர்ச்சிகள் தணியவும், காலிமுகத்திடலில் அமைதியாக அமர்ந்து அடிபட்டோரின் குரல் கேட்கப்படவும், மாற்றுத் திட்டமொன்று ஆராயப்படவும் சில மாதங்களேனும் கிடைத்திருக்கும். அரசியல் திட்டம் மூதவைக்கு அளித்த ஒரே ஆயுதம் அதுவே. அவ்வாயுதம் எடுக்கப்படவில்லை.

ஏன் எடுக்கப்படவில்லை என்பதற்கான விடை மூதவையின் விதிகளில் இல்லை. கட்சிகளின் கொள்கையிலேயே உள்ளது. 1956 பெப்புருவரியில் களனியில் நடைபெற்ற மாநாட்டில் ஐக்கிய தேசியக் கட்சியும் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்னும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. எனவே மசோதா வந்தபோது அக்கட்சி அதனை எதிர்க்கவில்லை, ஆதரித்தே நின்றது. அமைச்சர் பதவிகளுக்காகவும் பொருளாதாரக் கொள்கைகளுக்காகவும் கடுமையாக மோதிக்கொண்ட இரு கட்சிகளும், மொழிப் பிரச்சினையிற் பெரும்பான்மை மக்களின் வாக்குகளுக்காக ஒரே திசையில் ஓடின. 1957இல் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அதற்கு எதிராகக் கண்டியை நோக்கிப் பாதயாத்திரை தொடங்கியது ஐக்கிய தேசியக் கட்சியே என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம். அரசாங்கம் ஓரடி இறங்கிவர முனைந்தபோது அதனைப் பின்னிழுத்தது எதிர்க்கட்சி. அத்தகைய எதிர்க்கட்சியின் கையில் மூதவை இருப்பது சிறுபான்மைக்கு எவ்வாறு அரணாகும்?

ஆகவே 1948உம் 1956உம் ஒருசேர வைத்து நோக்கத்தக்கன. முன்னையது இரு சபைகளும் ஒரே கட்சியிடம் இருந்த காலம். பின்னையது இரு கட்சிகளிடம் பிரிந்திருந்த காலம். விளைவோ ஒன்றே. மூதவையைப் பற்றிய இக்கட்டுரையின் மையக் கருத்து இவ்வொப்பீட்டில் அடங்கியுள்ளது. கட்சிகளைப் பிரிக்கும் கோடும் மக்களின் நலன்களைப் பிரிக்கும் கோடும் ஒன்றாக அமையாதவிடத்து, எந்தச் சபை எந்தக் கட்சியிடம் உள்ளது என்னும் கணக்கு சிறுபான்மைக்குப் பயன்படுவதில்லை.

பிரிவு எவ்வளவு காலம் நீடிக்கும்?

இரு சபைகளுக்கும் இடையிலான கட்சி வேறுபாடு நீடித்து நிலைக்கவும் இயலாது. ஆட்சி மாற்றத்தின் பின் வரும் முதலாவது சுழற்சியில் பத்து இடங்கள் வெறுமையாகின்றன. அவற்றுள் நியமன இடங்கள் ஐந்தும் புதிய பிரதமரின் விருப்பப்படி நிரம்பும். தெரிவுக்குரிய ஐந்து இடங்களில் மூன்றையேனும் கீழ்ச்சபைப் பெரும்பான்மை வெல்லும். ஆக ஒரு சுழற்சியில் எட்டு, இரு சுழற்சிகளிற் பதினாறு. மூதவையில் ஒருவர்கூட இல்லாது தொடங்கும் அரசாங்கமும் நான்கு ஆண்டுகளுக்குள் அங்கு பெரும்பான்மை பெற்றுவிடும்.

1956 முதல் 1977 வரை இலங்கையிற் பொதுத் தேர்தல் தோறும் ஆட்சி கைமாறியமை குறிப்பிடத்தக்கது. கீழ்ச்சபையின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். ஆட்சி மாறும், மூதவை மெல்ல அதன் பின்னே நகரும், இரண்டும் நெருங்கிவரும் வேளையில் மீண்டும் ஆட்சி மாறும். இவ்வாறு மூதவை எக்காலத்திலும் நேற்றைய கீழ்ச்சபையின் சாயலையே காட்டியது. மக்களின் வேறொரு பகுதியை அது பிரதிபலிக்கவில்லை. அதே பெரும்பான்மையின் முந்திய மனநிலையையே பிரதிபலித்தது.

மூதவை வேறு வகைகளிற் பயன்பட்டது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. 1960 யூலையில் உலகின் முதற் பெண் பிரதமராகப் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்கா கீழ்ச்சபையில் அங்கம் வகிக்கவில்லை. மூதவை உறுப்பினராகவே 1965 வரை நாட்டை ஆண்டார். எஸ். நடேசன் போன்ற சட்ட அறிஞர் நெடுங்காலம் அச்சபையை அணிசெய்தனர். 1965இல் டட்லி சேனாநாயக்காவின் அரசாங்கத்தோடு தமிழரசுக் கட்சி ஒத்துழைத்தபோது, அக்கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் மூதவை உறுப்பினராகி உள்ளூராட்சி அமைச்சரானார். திருகோணமலைக் கோணேசர் ஆலயச் சூழலைப் புனித நகராக்குதல் தொடர்பாக எழுந்த பிணக்கினால் 1968இல் அவர் பதவி துறந்தார். தமிழர் ஒருவர் மூதவை வழியாக அமைச்சரவையை அடைந்தமை ஆளுங் கட்சியின் இணக்கத்தினால் வந்தது. அவ்விணக்கம் நீங்கியதும் அவ்வழியும் மூடிக்கொண்டது.

ஒழிப்பும் அதன் பின்னும்

1970 மே மாதத் தேர்தலில் ஐக்கிய முன்னணி 151 ஆசனங்களில் 116 ஆசனங்களை வென்றது. மூதவையிலோ முன்னைய ஐந்தாண்டுகளிற் பதவி பெற்றோரே பெரும்பாலும் வீற்றிருந்தனர். மீண்டும் இரு சபைகளும் இரு கைகளில். அவ்வாண்டு யூலையில் நவரங்ககலவிற் கூடிய அரசியல் நிர்ணய சபை பிரதிநிதிகள் சபை உறுப்பினரை மட்டுமே கொண்டிருந்தது. மூதவைக்கு அங்கு இடமிருக்கவில்லை. அரசியல் திட்டத்தைத் திருத்துவதற்குக்கூடக் கீழ்ச்சபையின் மூன்றிலிரண்டு பெரும்பான்மையே சோல்பரித் திட்டத்தில் விசேடமாக வேண்டப்பட்டது. மூதவைக்கு அதிற் சிறப்பதிகாரம் எதுவும் அளிக்கப்படவில்லை. தன் உயிரைக் காக்கும் வலிமையும் அதற்கு இல்லை. 1971இல் அது மறைந்தபோது அதற்காகத் தெருவில் இறங்கியோர் எவருமிலர். 1972ஆம் ஆண்டு யாப்பின் தேசிய அரசுப் பேரவையும், 1978ஆம் ஆண்டு யாப்பின் பாராளுமன்றமும் ஒரு சபையாகவே அமைந்தன. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140 ஆசனங்களைப் பெற்றவேளை, இரண்டாவது சபை யாரிடம் என்ற வினாவே எழவில்லை.

அயல்நாட்டு அனுபவம் சில வேறுபாடுகளைத் தெளிவாக்குகின்றது. இந்தியாவில் 1976ஆம் ஆண்டின் நாற்பத்திரண்டாவது யாப்புத் திருத்தம், இரு சபைகளும் காங்கிரஸ் கட்சியின் கையிலிருந்த நெருக்கடி நிலைக் காலத்தில் நிறைவேறியது. 1977இல் ஜனதாக் கட்சி மக்களவையைக் கைப்பற்றியபோதும் மாநிலங்களவை காங்கிரஸ் வசமே இருந்தது. அதனால் நாற்பத்துநான்காவது திருத்தம் பேரத்தின் விளைவாகவே பிறந்தது. 1978இல் மாநிலங்களவை அதன் ஐந்து வாசகங்களை நீக்கிய பின்னரே அது நிறைவேறியது. மாநிலங்களவையின் மிகப் பெரும்பாலான உறுப்பினரை மாநிலச் சட்டமன்றங்கள் தெரிவு செய்கின்றன என்பதும், யாப்புத் திருத்தத்தில் அதற்கு மக்களவையோடு சம அதிகாரம் உண்டு என்பதும் அங்கு முக்கியமாயின.

ஆனால் அதிகாரமுள்ள இரண்டாவது சபை எப்போதும் நலிந்தோரின் நண்பனாக இருக்கும் எனக் கொள்வதற்குமில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1955 முதல் 1981 வரை ஜனநாயகக் கட்சியே காங்கிரசின் இரு சபைகளிலும் பெரும்பான்மை பெற்றிருந்தது. அவ்வாறிருந்தும் 1964இல் கறுப்பின மக்களின் குடியுரிமைகள் பற்றிய மசோதாவை அக்கட்சியின் தென்மாநில உறுப்பினர்களே செனற் சபையிற் பேசிப் பேசிக் காலங்கடத்தித் தடுத்தனர். யூன் மாதத்தில் 71க்கு 29 என்ற வாக்குகளால் அத்தடை முறிக்கப்பட்டபோது, எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியினர் இருபத்தெழுவர் அதற்கு வாக்களித்தனர். அங்கும் கட்சிப் பெயர் வழிகாட்டவில்லை. ஒவ்வோர் உறுப்பினரும் எந்த மக்களுக்குப் பொறுப்பாளியாக இருந்தார் என்பதே அவரது வாக்கைப் பெரிதும் நிர்ணயித்தது.

முடிவுரை

இலங்கையில் இரண்டாவது சபை பற்றிய பேச்சு முற்றாக ஓயவில்லை. 2017 செப்ரெம்பரில் வெளிவந்த அரசியலமைப்பு வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கை, ஐம்பத்தைந்து உறுப்பினரைக் கொண்ட இரண்டாவது சபையொன்றை முன்மொழிந்தது. ஒன்பது மாகாண சபைகளும் தலா ஐவராக நாற்பத்தைவரையும், பாராளுமன்றம் பதின்மரையும் அனுப்புதல் வேண்டும் என்பது அம்முன்மொழிவு. கீழ்ச்சபையின் கருவிலிருந்து பிறந்த பழைய மூதவையோடு ஒப்பிடுமிடத்து இது முன்னேற்றமே. எனினும் 2019ஆம் ஆண்டளவில் ஒன்பது மாகாண சபைகளினதும் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் ஒத்திவைக்கப்பட்டமையையும் நாம் கண்டோம். அனுப்புதற்குரிய சபைகளே உயிரோடு இல்லாதவிடத்து அவற்றின் பிரதிநிதிகளைக் கொண்ட மேற்சபை ஏட்டளவிலேயே நிற்கும். அவ்வாறன்றி மாகாண சபைகள் யாவும் இயங்கினும், வடக்கும் கிழக்கும் அனுப்பக்கூடியோர் நாற்பத்தைவருட் பதின்மரே. அப்பதின்மரின் இணக்கம் எவ்விடயத்தில் இன்றியமையாதது என்பதை யாப்பு வரையறுத்துக் கூறாவிடின், அவர் உரை பதிவேட்டில் இடம்பெறுமேயன்றிச் சட்டத்தில் இடம்பெறாது.

ஒரே கட்சி இரு சபைகளையும் ஆளுதல் எத்துணை அடிக்கடி நிகழ்கின்றது என்று எண்ணிக் கூறுதல் அரசறிவியல் மாணவருக்குப் பயனுள்ள பயிற்சியே. ஆயின் இலங்கை வரலாறு அதற்கு முன்னர் வேறு மூன்று வினாக்களைக் கேட்கும்படி எம்மைத் தூண்டுகின்றது. இரண்டாவது சபையைத் தெரிவு செய்வோர் யாவர்? எவ்விடயத்தில் அதன் மறுப்பு மறுப்பாகவே நிலைபெறும்? கட்சிகள் யாவும் ஒரே பக்கம் சாயும் நாளில் அச்சபையில் மறுபக்கம் நிற்பதற்குக் கடமைப்பட்டோர் எவரேனும் உளரா? 1948இலும் 1956இலும் இம்மூன்றாவது வினாவுக்கு மூதவையிற் கிடைத்த விடை, சட்டத்தைத் தாமதிக்கப் போதாத சில குரல்கள் மட்டுமே. இனி எழுதப்படும் எந்த யாப்பும் இவ்வினாவுக்கு எழுத்தில் விடை கூறிய பின்னரே, தன்னிடம் இரு சபைகள் உள்ளன என்று பெருமை கொள்ளலாம்.